ஒழிந்த சின்னமுத்து லயத்துக்கு எப்படி வந்தது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். அவருடைய தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஒரே லயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள் காய்ச்சலும், சிவந்த கண்களும், முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் இறங்கிய தடிப்பும் கண்டிருக்கின்றன. சின்னமுத்தாக இருக்கலாம் என்று வைத்தியர் இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது, 95 வீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்று என்றெல்லாம் சொல்லப்படும்போது இது எப்படி வந்தது என்பது முதற் கேள்வி. ஊசி போடும் வயதே வராத தன் அக்காவின் 7 மாதக் கைக்குழந்தையை எப்படிக் காப்பது என்பது இரண்டாவது. "அம்மா போட்டிருக்கு, ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டு போகக் கூடாது" என்று தடுக்கும் அப்பாயிமாருக்கு என்ன பதில் சொல்வது என்பது மூன்றாவது. மலையகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நீண்ட காலம் அலைந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுகாதார அலுவலகத் தாள்களில் சின்னமுத்து என்று எழுதப்படுவதைத் தமிழகத்தில் தட்டம்மை என்கிறார்கள். நம் முதியவர்கள் மணல்வாரி என்பார்கள். நீர் கோத்த கொப்புளங்கள் எழும்பும் கொப்புளிப்பான் வேறு நோய். தோட்டத்தில் இரண்டையும் அம்மை என்ற ஒரே சொல்லால் அழைப்பதால், "இவனுக்குத்தான் போன வருசமே அம்மை வந்து போயிருச்சே, இனி ஊசி எதுக்கு" என்று சொல்லி மூன்று வயது ஊசியைத் தவறவிட்ட தாய்மாரை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வந்து போனது பெரும்பாலும் கொப்புளிப்பான். அது சின்னமுத்துக்கு எதிராக எந்தக் காப்பையும் தராது.

ஒழிப்பு என்ற சொல்லும் இதே போல் தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவித்தது உண்மை. நாட்டுக்குள்ளேயே தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்த வைரஸ் சங்கிலி அறுபட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மீண்டும் உருவாகவில்லை என்பதே அந்த அறிவிப்பின் பொருள். வெளிநாட்டிலிருந்து ஒரு பயணியோடு வைரஸ் வந்திறங்குவதை எந்த அறிவிப்பும் தடுக்க முடியாது. 2023 மே மாதத்தில் கொழும்பில் தொடங்கிய பரவல் அவ்வாண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. 2024 ஜனவரியில் மேலதிக ஊசி போடுவதற்குத் தெரிவு செய்யப்பட்ட பகுதிகளில் நம் மலையகத்தின் கண்டி மாவட்டமும் ஒன்று. வந்திறங்கிய வைரஸ் பற்றிக்கொள்ளுமா, அணைந்துவிடுமா என்பதைத் தீர்மானிப்பது இறங்கிய இடத்தில் எதிர்ப்பில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.

மனிதரைப் பிடிக்கும் தொற்றுகளில் இதைப் போல் வேகமாகப் பரவுவது வேறொன்றைக் காட்டுவது கடினம். எதிர்ப்பில்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். தொட வேண்டியதில்லை, நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு நிற்கும். தடிப்பு எழும்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே, வெறும் தடிமனும் இருமலும் போலத் தோன்றும் கட்டத்திலேயே பரவத் தொடங்கி, தடிப்பு எழுந்த பிறகும் நான்கு நாட்கள் பரவும். இதை நம் லயத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, குளிருக்காகச் சாத்திய கதவு, முதுகோடு முதுகு ஒட்டிய அடுத்த வரிசை. அதற்கு மேல், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் நான்கு மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை ஒரே கூரையின் கீழ் விடப்படுகிறார்கள். தொற்று வல்லுநர் ஒருவர் சின்னமுத்துக்கென்றே ஓர் இடத்தை வடிவமைத்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைத்திருக்க முடியாது.

95 வீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எதிர்ப்பே இல்லாத ஒரு கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றைக் கொடுப்பார். நடுவில் 15 என்று கொள்வோம். அந்த 15 பேரில் 14 பேர் எதிர்ப்புப் பெற்றவர்களாக இருந்தால் ஒருவருக்கு மட்டுமே தொற்றும், தொற்றுவது ஒருவருக்கும் குறைந்தால் சங்கிலி அறுந்துவிடும். 15 இல் 14 என்பது 93 வீதம். 18 என்று வைத்தால் 94 வீதத்தைத் தாண்டும். ஆக, ஊசி போட்டவர்கள் 95 வீதம் இருந்தால் போதும் என்று எண்ணத் தோன்றும். போதாது. எதிர்ப்பு உண்டானவர்கள் 95 வீதம் இருக்க வேண்டும்.

ஓர் ஆண்டில் 100 பிள்ளைகள் பிறக்கும் ஒரு தோட்டப் பிரதேசத்தைக் கற்பனை செய்வோம். 95 பேருக்கு 9 மாத ஊசி போடப்படுகிறது. பதிவேட்டில் அழகான எண். அந்த வயதில் போடும் ஊசி ஏறத்தாழ 85 வீதமானவர்களில்தான் பலிக்கும் என்பதால் உண்மையில் காக்கப்பட்டவர்கள் 81 பேர். ஊசி போட்டும் பலிக்காத 14 பேரைப் பிடிப்பதற்காகவே 3 வயதில் இரண்டாவது ஊசி வைக்கப்பட்டிருக்கிறது. அதை வெறும் ஊக்க ஊசி என்று நினைத்துக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. இரண்டாவதை 85 பேர் மட்டும் போட்டுக்கொண்டால், இரண்டும் போட்டவர்களுக்கு 97 வீதம் காப்பு என்ற கணக்கில், கடைசியில் எதிர்ப்பில்லாமல் நிற்பவர்கள் 9 பேர். ஓர் ஆண்டுக்கு ஒன்பது பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் மழைக்காலத்துக்கென்று அடுப்புக்கு மேல் அடுக்கி வைக்கும் விறகு போல அது ஆண்டுக்காண்டு சேர்கிறது. பதினோராவது ஆண்டில் ஒரு முழு ஆண்டுப் பிறப்புக்குச் சமமான பிள்ளைகள் காப்பில்லாமல் ஒரே பிரதேசத்தில் இருப்பார்கள். இந்த ஒன்பது பேரும் பிரதேசமெங்கும் சீராகத் தூவப்பட்டிருந்தால்கூடப் பாதகம் குறைவு. அப்படி இருப்பதில்லை. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான ஒரே கீழ்க்கணக்கில், பாதையில்லாத ஒரே தொங்கல் லயத்தில், ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகளாக அவர்கள் சேர்ந்தே இருப்பார்கள்.

பெரிய சராசரிக்குள் சிறிய பள்ளம் மறைந்திருப்பது நமக்கு மட்டுமான குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2025 இல் 762 பேரைப் பிடித்த பரவல் பெரும்பாலும் கெயின்ஸ் என்ற ஒரு சிறிய மாவட்டத்தைச் சுற்றியே எரிந்தது. அங்கே பாலர் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 82 வீதமானவர்களே இரு ஊசிகளையும் பெற்றிருந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இறந்தார்கள். இருவரும் ஊசி போடாதவர்கள். அங்கே பெற்றோர் விரும்பியே தவிர்த்தார்கள். நம் தோட்டங்களில் தவறுவதன் காரணம் முற்றிலும் வேறு.

அதைச் சொல்ல ஒரு கிளினிக் நாளை நினைவுபடுத்துகிறேன். தோட்ட ஆஸ்பத்திரித் திண்ணையில் குடும்பநல உத்தியோகத்தர், நம் வழக்கில் மிட்வைஃப் அக்கா, குளிர்ப்பெட்டியோடு காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த ஊசியின் மருந்து தூளாக வரும்; கரைத்த பின் ஆறு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, வெயிலும் படக்கூடாது. ஆகவே பிள்ளைகள் சேரட்டும் என்று காத்திருந்தார். பதினொன்றரை மணி வரை நான்கு பேர்தான். பகல் கொழுந்து நிறுவை முடிந்து மட்டக்கம்பும் கூடையுமாக ஒரு தாய், கையில் கொழுந்துக் கறை காயாமல், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். காலையிலேயே வந்திருந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும் என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழோடு மடித்து வைத்திருந்த பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை நீட்டினார். 2, 4, 6 மாதக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. 9 மாதமும், 12 மாதமும், 18 மாதமும் நிரம்பியிருந்தன. 3 வயதுக் கட்டம் வெறுமையாக இருந்தது. பிள்ளைக்கு அப்போது நான்கு வயதும் இரண்டு மாதமும். "அதுக்கப்புறம் புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டான் ஐயா, கிளினிக் ஞாபகமே வரல" என்றார். அதில் பொய்யில்லை. நிறை பார்க்கவும் ஊசி போடவும் அடிக்கடி வந்துகொண்டிருந்த காலம் 18 மாதத்தோடு முடிகிறது. அடுத்த ஊசிக்கு ஒன்றரை ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள்.

கொழும்புக்கு இடம்பெயரும் குடும்பங்கள் இதைவிடச் சிக்கலானவை. தாயும் தகப்பனும் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விட, பிள்ளை சில மாதம் அவர்களோடும் சில மாதம் தோட்டத்தில் அம்மாயியோடும் இருக்கும். தோட்டத்து மிட்வைஃப் தன் பதிவேட்டில் பிள்ளை வெளியேறிவிட்டது என்று குறிப்பார்; கொழும்பு மிட்வைஃபுக்கு அப்படி ஒரு பிள்ளை வந்ததே தெரியாது. இரண்டு பதிவேடுகளுக்கும் இடையில் விழுந்த பிள்ளை எந்த வீதக் கணக்கிலும் வராது. 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது நியமம். ஆனால் மலையில் 3,000 பேர் என்பது நான்கைந்து டிவிஷன், ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதை, இரண்டு மணிக்கே இறங்கும் பனிமூட்டம். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களிலேயே தொடங்கி இன்னும் முழுமை பெறாமல் கிடப்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். தாய்மாரைத் திட்டுவது சுலபம். கிளினிக்கை மாலை நான்கு மணிக்கு மாற்றுவதோ, ஊசி போடப் போன நாளுக்கு முழுப் பேர் போடுவதோ அவ்வளவு சுலபமாகச் செய்யப்படுவதில்லை.

வதந்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊசியால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரும் என்ற கதை 1998 இல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. அக்கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2019 இல் வெளியிட்ட ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. தோட்டத்தில் நான் கேட்ட சந்தேகம் வேறு: இது பின்னாளில் பிள்ளை பெறாமலிருக்கப் போடும் ஊசியோ என்பது. இதைக் கேட்டுச் சிரிக்கும் உத்தியோகத்தர்கள் உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு காசு கொடுத்த 1980களை லயத்துப் பெண்கள் மறக்கவில்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வராது. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கொழும்பில் பெரிய வைத்தியர்களின் பிள்ளைகளுக்கும், நுவரெலியாவில் என் பேரப்பிள்ளைகளுக்கும் போட்டது இதே மருந்து, இதே வயதில்.

நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சமோவா என்ற பசிபிக் தீவு நாட்டை எடுத்துக்கொள்ளலாம். 2018 இல் அங்கே தாதியர் இருவர் ஊசித் தூளை நீருக்குப் பதிலாகத் தவறான மருந்தில் கரைத்துப் போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி வேலை மாதக்கணக்கில் நின்றது, மக்களும் விலகினார்கள். முதல் ஊசி பெற்றவர்கள் 31 வீதமாக இறங்கினார்கள். 2019 கடைசியில் சின்னமுத்து வந்தபோது இரண்டு லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்நாட்டில் 83 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடுவீடாகப் போய் ஊசி போட்டார்கள். அந்தச் சிவப்புத் துணியைப் பற்றி வாசித்தபோது எனக்கு நம் லயத்து வாசலில் செருகும் வேப்பிலைதான் நினைவுக்கு வந்தது.

அப்பாயிமாருக்குச் சொல்லும் பதிலை அந்த வேப்பிலையிலிருந்தே தொடங்கலாம். குளிர்ந்த மலையில் வேம்பு வளராது. கீழ்நாட்டிலிருந்து யாரோ பையில் கொண்டு வந்த கொத்தைத்தான் வாசலில் கட்டுகிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டுச் செய்யும் வழக்கத்தில் ஒரு நல்ல காரியம் அடங்கியிருக்கிறது: வெளியார் உள்ளே வர மாட்டார்கள், நோயாளி வெளியே போக மாட்டார். தடிப்பு எழுந்து நான்கு நாட்கள் கடக்கும்வரை சுகாதாரத் துறை கேட்பதும் இதைத்தான். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் மூன்று தண்ணீர் ஊற்றுவதையும் நான் ஒருபோதும் தடுத்ததில்லை. நான் சண்டை போட்டதெல்லாம் இரண்டு விடயங்களுக்காக. ஒன்று, பிள்ளையைப் பட்டினி போடுவது. முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சித் தண்ணீரை மட்டும் கொடுப்பது. மற்றது, மூச்சு வாங்கும் பிள்ளையை அம்மாவின் விளையாட்டு என்று காம்பராவிலேயே வைத்திருப்பது.

ஏனென்றால் பிள்ளையைக் கொல்வது தடிப்பல்ல. நியூமோனியாவும் வயிற்றோட்டமும் மூளை அழற்சியும்தான். நல்ல போசாக்குள்ள பிள்ளைகளிலேயே ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை இறக்கக்கூடும். போசாக்குக் குறைந்த இடங்களில் இது பல மடங்காகும். 2016 ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் 17 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 32 வீதமாக இருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. விற்றமின் ஏ குறைந்த பிள்ளைக்குச் சின்னமுத்து கண்ணையே பறித்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு நாட்கள் தொடர்ந்து வயதுக்கேற்ற அளவில் விற்றமின் ஏ கொடுக்கிறார்கள். வீட்டில் இது முடியாது, அளவு மீறினால் நஞ்சு. நோய் போன பிறகும் ஒரு சேதம் மிஞ்சும். முன்பு வந்துபோன கிருமிகளை அடையாளம் வைத்திருக்கும் உடலின் நினைவைச் சின்னமுத்து அழித்துவிடுவதால், மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்வரை மற்ற நோய்கள் அந்தப் பிள்ளையைச் சுலபமாகப் பிடிக்கும். "அம்மா இறங்கினதிலிருந்து புள்ளைக்கு ஓயாத சளி" என்று தாய்மார் சொல்வதை நான் வெகுகாலம் சாதாரணப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். அது சரியான அவதானிப்பு.

இனி அந்த 7 மாதக் குழந்தை. தாயின் உடலிலிருந்து கருவிலேயே கிடைத்த எதிர்ப்பு முதல் சில மாதங்கள் பிள்ளையைக் காக்கும். சிறு வயதில் நோயே வந்து மீண்ட பழைய தலைமுறைத் தாய்மாரின் எதிர்ப்பு நீண்ட நாள் நின்றது. ஊசியால் எதிர்ப்புப் பெற்ற இன்றைய தாய்மாரிடமிருந்து வருவது சீக்கிரம் கரைகிறது. இலங்கையில் 2011 இல் முதல் ஊசியை ஒரு வயதுக்குத் தள்ளியிருந்தார்கள். 2013 இல் தொடங்கிய பரவலில் ஒரு வயதாகாத குழந்தைகளே பெருமளவில் பாதிக்கப்பட்டதைப் பார்த்து 2015 இல் மீண்டும் 9 மாதத்துக்குக் கொண்டு வந்தார்கள். 2024 ஜனவரியில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட்டதும், அதே ஆண்டு நவம்பரில் 20 முதல் 30 வயது வரையானவர்களைக் கூப்பிட்டதும் இதே அனுபவத்தின் தொடர்ச்சி. உங்கள் தோட்டத்தில் நோய் உறுதியானால் 6 மாதத்திலிருந்தே ஊசி போடும்படி சுகாதார வைத்திய அதிகாரி தீர்மானிக்கலாம். அப்படிப் போட்டால் அது கணக்கில் சேராது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போட வேண்டியவை அப்படியே இருக்கின்றன. நோயாளியோடு நெருங்கி 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயையே தடுக்கவும் வாய்ப்புண்டு என்பதால், இரத்த முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றே மிட்வைஃபிடம் பேசுங்கள். முடிந்தால் குழந்தையைச் சில வாரங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பாதிருப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடக் கூடாது. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ மெல்லிய தடிப்போ வரலாம், தானாக அடங்கும்.

உங்கள் கையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. முன்பள்ளிக்குப் பிள்ளை வரும் வயதுதான் இரண்டாவது ஊசியின் வயது. நாளைக் காலையில் எல்லாத் தாய்மாரிடமும் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி, 9 மாதம், 3 வயது என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். வெறுமையாக உள்ள பிள்ளைகளின் பெயரை, எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்பதோடு எழுதி மிட்வைஃபிடம் கொடுங்கள். பதிவேடு தொலைந்துவிட்டது என்றால் ஊசி போடவில்லை என்றே கொள்ளலாம். ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு இன்னொரு தடவை போடுவதால் கேடில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மண்ணைச் சரித்தபோது பதிவேடுகளை இழந்து, பல நாட்கள் பாடசாலைக் கட்டடங்களில் நெருக்கியடித்துத் தங்கிய குடும்பங்கள் உங்கள் பக்கத்திலும் இருந்தால், அவர்களின் பிள்ளைகளை முதலில் பாருங்கள்.

மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், கண் மங்கலானால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். ஆனால் தடிப்புள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிறைந்த பஸ்ஸில் ஏறி, வெளிநோயாளர் பிரிவு வரிசையில் கைக்குழந்தைகளுக்கு நடுவே போய் நிற்காதீர்கள். புறப்படும் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஓட்டோவின் பக்கத் திரைகளைச் சுருட்டி விட்டுப் போய், வாசலுக்கு வெளியே நின்றபடி ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பி, சின்னமுத்துச் சந்தேகம் என்று முதல் வார்த்தையிலேயே தெரிவிக்கச் சொல்லுங்கள்.